லிஸ்பன்: வழுக்கும் கல்லும் குடை பிடித்த பெண்ணும்

2024 மார்ச் 26, செவ்வாய்

லிஸ்பன் ஏழு குன்றுகளின் மேல் கட்டிய ஊர் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. நாங்கள் எடுத்த அறை எட்டாவது குன்றில் இருக்கிறது என்கிறாள் அக்கா. மெட்ரோவை விட்டு வெளியே வந்ததிலிருந்து ஒரே ஏற்றம். பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் இடித்து, நாங்கள் வருவதைத் தெரு முழுக்கத் தண்டோரா போட்டது. இங்கே நடைபாதைக்கு சிமெண்ட் பூசுவதில்லை. கைக்குள் அடங்குகிற சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்களை மணலில் ஒவ்வொன்றாகப் பதித்திருக்கிறார்கள். கல்சாடா என்று பெயர். நூற்றாண்டுக் கணக்கில் செருப்பு தேய்த்துத் தேய்த்து மேலே பளபளவென்று ஆகிவிட்டது. வெயிலில் அழகு. நாங்கள் வந்தது மழையில்.

பதின்மூன்று டிகிரிதான் இருக்கும், ஆனால் கடற்காற்று குடையை நிற்க விடவில்லை. ஈஸ்டர் வாரம் என்பதால் ஸ்பெயின்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு, கீழ்த்தெருவில் விளக்கு எரிந்த ஒரு சின்ன உணவகத்தில் நுழைந்தோம். உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ் காய், ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் கேட்காமலே வந்தன. அக்கா, "உபசாரம் பாத்தியா!" என்றாள். பில் வந்தபோது அந்த உபசாரத்துக்கு ஆறரை யூரோ. கிட்டத்தட்ட 600 ரூபாய். தொட்டால் காசு, தொடாமல் திருப்பி அனுப்பினால் காசு இல்லை. இந்த நாடு முழுக்க இதுதான் வழக்கம். பரிமாறியவர் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. பகல்யாவ் என்கிற உப்புக்கண்டமிட்ட காட் மீனைப் பிய்த்து, தீக்குச்சி போல் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கோடு முட்டை ஊற்றிக் கிளறிக் கொண்டுவந்தார்கள். முட்டைப் பொடிமாஸில் கருவாடு போட்ட மாதிரி என்று அக்கா ஒரே வாயில் தீர்ப்பு சொல்லிவிட்டாள். வேடிக்கை என்னவென்றால் இந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதே இல்லை. நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துக் குளிர்கடலிலிருந்து வருகிறது. கடலை முன்னால் வைத்துக்கொண்டு வெளியூர்க் கருவாட்டைக் கொண்டாடுகிற ஊர்.

மார்ச் 27, புதன்

காலை பத்து மணிக்கு ரோசியோ சதுக்கம். நடைச் சுற்றுலாவுக்கு இருபது பேருக்குப் பக்கம் கூடியிருந்தோம். வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க பெண், கையில் மஞ்சள் குடை. பேச ஆரம்பித்ததுமே காசு விஷயத்தை எடுத்தாள். "இதை இலவசச் சுற்றுலா என்று போட்டிருப்பார்கள். இலவசம் இல்லை. உங்கள் ஒவ்வொருவர் தலைக்கும் நான் நிறுவனத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். முடிவில் நீங்கள் கொடுப்பதில்தான் என் சம்பளம். பிடிக்காவிட்டால் நடுவிலேயே போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்." அக்கா என் காதில், "ஏட்டி, இவ நல்லவ" என்றாள். முந்தின ராத்திரி ஆலிவ் காயின் காயம் இன்னும் ஆறவில்லை.

முதலில் எங்களைக் கீழே பார்க்கச் சொன்னாள். சதுக்கத்தின் தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகக் கல் பதித்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் தரை ஆடுவது போலவே இருக்கிறது. பின்னாளில் பிரேசிலின் கோபகபானா கடற்கரையில் போட்ட அலைக்கு மூலம் இதுதான். இந்த மாதிரிக் கல் பதிப்பு வேலை 1842இல் மேலே கோட்டையில்தான் தொடங்கியது. பதித்தவர்கள் காலில் விலங்கு போட்ட கைதிகள். அது ஊருக்குப் பிடித்துப்போய், ரோசியோவுக்கும் அவர்களையே இறக்கியிருக்கிறார்கள். இன்று வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. மாநகராட்சி 1986இலிருந்து இதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறது. வெயிலில் முட்டி போட்டு உட்கார்ந்து நாளெல்லாம் கல் உடைக்க யார் வருவார்கள்?

சதுக்கத்தின் வடக்கே வெள்ளைத் தூண்களோடு தேசிய நாடக அரங்கு. அது நிற்கிற இடத்தில் முன்பு இருந்தது, கத்தோலிக்க மதத்துக்கு மாறானவர்கள் என்று ஆட்களைப் பிடித்துத் தண்டித்த மத விசாரணை மன்றத்தின் மாளிகை. பக்கத்துச் சந்தில் சாவ் தொமிங்கோஸ் தேவாலயம். வாசலுக்கு எதிரே ஒரு நினைவுக் கல், நடுவில் யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரம். 1497இல் போர்ச்சுகலில் இருந்த யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். 1506 ஏப்ரலில், இதே ஈஸ்டர் சமயம், பஞ்சமும் கொள்ளைநோயுமாக ஊர் தவித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கோவிலில் சிலுவையில் ஒளி தெரிகிறது, அற்புதம் என்று கூட்டம் கூடியது. மதம் மாறிய ஒருவர் அது மெழுகுவர்த்தியின் பிரதிபலிப்பு என்று சொல்லிவிட்டார். அவரை அங்கேயே அடித்துக் கொன்றார்கள். கலவரம் மூன்று நாள் ஓடியது, செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். இதைச் சொல்லும்போது வழிகாட்டி குரலை உயர்த்தவும் இல்லை, சோகமாக்கவும் இல்லை. "இந்தக் கல்லை வைக்க எங்களுக்கு ஐந்நூறு வருடம் ஆனது" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

தேவாலயத்தின் உள்ளே போனால் மூச்சு நின்றுவிடுகிறது. 1959இல் தீப்பிடித்த கோவில். பழுதுபார்த்துக் கூரை போட்டார்களே தவிர, வெந்துபோன தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். கல் வெடித்துப் பாளம் பாளமாக உரிந்திருக்கிறது. அக்கா கைவைத்துப் பார்த்துவிட்டு, உடனே எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தால் அதே முற்றத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவ் நாட்டுக்காரர்கள் வட்டம் கூடி நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பெண்கள் வேர்க்கடலை விற்கிறார்கள். ஓரத்தில் ஆள் புகுந்தால் முட்டும் அளவுக்கு ஒரு சின்ன மதுக்கடை, 1840இலிருந்து இருக்கிறது. ஜின்ஜா என்கிற புளிப்புச் செர்ரியை ஊறவைத்த இனிப்பு மது, ஒரு வாய் ஒன்றரை யூரோ. பழம் போட்டா, போடாமலா என்று கேட்கிறார் கடைக்காரர். போட்டு வாங்கினேன். இருமல் மருந்தின் இனிப்பு, கொட்டையைத் துப்ப வாசலில் இடம். அக்கா எனக்கும் கடைக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் வேர்க்கடலைக்காரிகள் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கார்மோ குன்றுக்கு ஏறும்போதுதான் மழை வலுத்தது. மஞ்சள் குடை ஒரே காற்றில் மல்லாந்தது. எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பிரேசில் பாட்டிக்கு எழுபது வயது இருக்கும். கல்லில் கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் பிசகிவிட்டது. நாங்கள் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒருவர் நாற்காலியோடு வந்தார். பேச்சே இல்லை. பாட்டியைத் தூக்கி உட்காரவைத்து, உள்ளே போய், பாத்திரம் துடைக்கிற துணியில் ஐஸ் கட்டியை முடிந்து கொண்டுவந்து காலில் கட்டினார். மறுபடி உள்ளே போய், சின்னக் கண்ணாடிக் குவளையில் ஏதோ ஊற்றி வந்து பாட்டி கையில் கொடுத்தார். பாட்டி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னொரு காலும் வலிக்கிறது" என்றார். போர்ச்சுகீசு தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், மொழிபெயர்த்த பிறகு நாங்கள். கடைக்காரர் காசு வாங்கவில்லை. டாக்சி வந்து பேரன் கூட்டிப் போகும்வரை வழிகாட்டி மழையில் நின்றாள். அரைமணி நேரம் போயிற்று. யாரும் முகம் சுளிக்கவில்லை.

மேலே கார்மோ சதுக்கம். 1389இல் தொடங்கிய மடாலயம். இப்போது கூரை கிடையாது. வளைவுகள் மட்டும் நிற்கின்றன, மழை நேராக உள்ளே விழுகிறது. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணி சுமாருக்கு, ஊரே கோவிலில் இருந்த நேரத்தில் நிலம் ஆடியது. பலிபீடங்களில் எரிந்த மெழுகுவர்த்திகள் சரிந்து தீ பிடித்தது. தப்பித்தவர்கள் வெட்டவெளி தேடித் தேஜோ ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தண்ணீர் முதலில் உள்வாங்கியது, அப்புறம் அலையாகத் திரும்பி வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று காலையில் கன்னியாகுமரியில் எங்கள் சித்தி பார்த்ததும் இந்த வரிசையில்தான். அக்கா அதை வழிகாட்டியிடம் சொல்ல, அவள் சுற்றுலாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தண்ணீர் எவ்வளவு நேரம் உள்ளே போயிருந்தது? ஆடுமாடு ஏதாவது முன்கூட்டியே கத்தியதா? கிணற்று நீர் மாறியதா? பதில் சொல்லி முடித்ததும்தான் சிரித்தாள். பூகம்பத்துக்குப் பின் அமைச்சர் பொம்பால் நாட்டின் எல்லாத் தேவாலயப் பங்குகளுக்கும் இதே மாதிரிக் கேள்விகளை எழுதி அனுப்பிப் பதில் வாங்கினாராம். தெய்வக் குற்றம் என்று பாதிரிமார் பிரசங்கம் செய்துகொண்டிருந்த காலத்தில் இப்படிக் கேட்க ஒருவருக்குத் தோன்றியது பெரிய விஷயம்தான். அதே பொம்பால் எதிரிகளை நடுத்தெருவில் கொடூரமாகக் கொன்றவரும்கூட என்பதையும் அவள் விடவில்லை.

இதே சதுக்கத்துக்கு இன்னொரு தேதியும் உண்டு: 1974 ஏப்ரல் 25, சர்வாதிகாரம் கவிழ்ந்த நாள். அடுத்த மாதம் ஐம்பது வருடம் ஆகிறது, சுவரெல்லாம் சிவப்புக் கார்னேஷன் பூ. நாற்பத்தெட்டு வருட சர்வாதிகாரத்தின் கடைசிப் பிரதமர் கயத்தானோ, எதிரே இருக்கிற காவல்படைக் கட்டடத்துக்குள் ஒளிந்துகொண்டார். கேப்டன் சால்கெய்ரோ மாயா கவச வண்டிகளோடு வந்து சுற்றி வளைத்தார். புரட்சி செய்ய வந்தவர்கள் வழியில் சிவப்பு விளக்குக்கு நின்று வந்தார்கள் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பூ வந்த கதை இன்னும் நல்லது. செலஸ்ட் கையேரோ என்கிற உணவகப் பணிப்பெண். அன்று கடையின் முதலாம் ஆண்டு விழாவுக்குப் பூ வாங்கி வைத்திருந்தார்கள். கலவரம் என்று கடையை மூடிவிட்டு, பூவை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார் முதலாளி. தெருவில் ஒரு சிப்பாய் சிகரெட் கேட்டான். அவரிடம் இல்லை, பூவைக் கொடுத்தார். அவன் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்டான். நாங்கள் போனபோது அந்த அம்மா இருந்தார், வயது தொண்ணூறு; 2024 நவம்பரில் காலமானார்.

இறங்கினால் பைஷா, பூகம்பத்துக்குப் பின் கோடு போட்டுக் கட்டிய பகுதி. தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று தொழிலுக்கொரு தெரு. ஒவ்வொரு கட்டடத்தின் சுவருக்குள்ளும் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டக் கூண்டு இருக்கிறது. நிலம் ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும், பூச்சு உதிரும், வீடு நிற்கும். மாதிரிக் கூண்டைச் சதுக்கத்தில் கட்டிவைத்து, சுற்றிலும் சிப்பாய்களைக் காலால் ஓங்கி மிதித்து நடக்கவைத்துச் சோதித்தார்கள் என்பது கதை. வழிகாட்டியும் எங்கள் எல்லாரையும் ஒரு கட்டடத்தின் முன்னால் காலை ஓங்கி மிதிக்கச் சொன்னாள். மிதித்தோம். மாடியிலிருந்து ஒரு கிழவர் ஜன்னலைத் திறந்து திட்டினார். தினமும் திட்டுவாராம்.

ஆற்றங்கரைச் சதுக்கத்தில் சுற்றுலா முடிந்தது. அங்கே இருந்த அரண்மனை நூலகத்தோடு போய்விட்டது. அரசர் ஜோசேவுக்கு அதன்பின் கல் கட்டடமே ஆகாது. சாகும்வரை, 1777 வரைக்கும், குன்றின் மேல் மரத்தால் கட்டிய அரண்மனையில் இருந்தார். அவருடைய சிலை நடுச்சதுக்கத்தில் கம்பீரமாகக் குதிரை மேல் இருப்பதைப் பார்த்தால் நம்ப முடியாது.

இருவருக்குமாக முப்பது யூரோ கொடுத்தோம். நின்று பேசினோம். வரலாறு படித்தவள். இந்த நாட்டில் 2024இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 820 யூரோவாக இருந்தது, இந்த ஊரில் ஓர் அறை வீட்டு வாடகை அதையும் தாண்டிவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் குடியிருக்கிறாள், படகில் வந்து போகிறாள். காற்று அதிகமானால் படகு நின்றுவிடும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாள்.

மதியத்துக்கு மேல், அவள் சொல்லித்தான், ஒரு வங்கியின் அடித்தளத்தில் இருக்கிற அகழாய்வு இடத்துக்குப் போனோம். கட்டணம் இல்லை. மாடிப்படி இறங்கினால் ரோமானியர் காலத்து மீன் உப்பிடும் தொட்டிகள், வரிசையாக. அவற்றுக்கு மேலே, பொம்பால் காலத்தில் ஈர மண்ணில் அடித்த பைன் மரக் கழிகள். அந்தக் கழிகளின் மேல்தான் தெருவே நிற்கிறது. நிலத்தடி நீர் குறைந்து காய்ந்தால் உளுத்துவிடும். ஈரமாக இருக்கிறவரை பைஷாவுக்குப் பயமில்லை. காலையிலிருந்து மழையைத் திட்டிக்கொண்டிருந்த நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

மார்ச் 28, வியாழன்

அக்காவுக்கு முட்டி வீங்கிவிட்டது. ஆகவே டிராமில், ஆற்றோரப் பகுதியான பெலேம். வழியில் கூட்டம் நெரித்தது. எதிரே இருந்த அம்மாள் அக்காவின் கைப்பையைச் சுட்டிக்காட்டி, முன்னால் தொங்கவிடச் சொல்லிச் சைகை செய்தார். ஜேப்படிக்குப் பேர்போன வண்டிகள் இவை.

ஜெரோனிமோஸ் மடாலயத்துக்கு வெளியே வரிசை கண்ணுக்கெட்டிய தூரம். அதை விட்டுவிட்டுத் தேவாலயத்துக்கு மட்டும் போனோம், அதற்குக் காசு இல்லை. நுழைந்ததும் இடப்பக்கம் வாஸ்கோ ட காமா கல்லில் கைகூப்பிப் படுத்திருக்கிறார். பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு நாம் எழுதுகிற 1498, கள்ளிக்கோட்டை, அதே ஆள். 1524இல் கொச்சியில் செத்து, பிற்பாடு எலும்பாக இங்கே வந்தார். கல்லறையில் கப்பல் செதுக்கியிருக்கிறது. 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலைப் பெண்டு பிள்ளைகளோடு இவர் எரித்ததற்கு அங்கே ஒரு கோடுகூட இல்லை. கட்டடம் பேரழகு, தூண்களில் கயிறும் பவழமுமாகச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். செலவில் பெரும்பங்கு மிளகு, பட்டை போன்ற கடல் வணிகத்தின் வரிப்பணம். நேற்றைய வழிகாட்டிப் பெண் எங்களோடு வந்திருந்தால் இதை வாசலிலேயே சொல்லியிருப்பாள். ஆள் இல்லாமல் சுற்றினால் கல் அழகாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறோம்.

1837இலிருந்து விற்கிற முட்டைக் கிரீம் பணியாரக் கடைக்கும் வரிசைதான், ஆனால் சட்டென்று நகர்கிறது. ஒன்று ஒன்றரை யூரோவுக்குள். சூடாக, மேலே பட்டைப் பொடி தூவிச் சாப்பிட வேண்டும். அக்கா மூன்று சாப்பிட்டாள். முட்டி வலி பற்றிப் பேச்சில்லை.

மார்ச் 29, புனித வெள்ளி

அக்கா இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே இன்றைக்காகத்தான். உவரி அந்தோணியாருக்கு அவள் ஒரு கடன் வைத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் மதம் பார்த்து யாரும் உவரிக்குப் போவதில்லை. அக்கா மகனுக்குக் காய்ச்சல் வந்து பிழைத்ததிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறினதில்லை. பதுவை அந்தோணியார் என்று நாம் சொல்கிறவர் பிறந்தது இந்த லிஸ்பனில், அல்ஃபாமா என்கிற பழைய பகுதியின் ஓரத்தில், பேராலயத்துக்குப் பக்கத்தில். பதுவை இத்தாலிய ஊர், அதைச் சொன்னால் இந்த ஊர்க்காரர்களுக்கு முகம் சுருங்குகிறது. நோய் கண்ட போர்ச்சுகீசிய மாலுமிகள் விட்டுப்போன சுரூபம்தான் உவரியில் இருப்பது என்று ஊரில் சொல்வார்கள். சரி, வழி அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

1755இல் விழுந்து, மறுபடி கட்டிய சின்னக் கோவில். பிறந்த இடம் என்று காட்டுவது கீழே நிலவறையில். ஆள் ஒருவர்தான் நுழையலாம் போன்ற படி. அக்கா ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் காலை வைத்து இறங்கினாள். கீழே ஒரு கிழவி மண்டியிட்டிருந்தார். அக்கா முட்டி மடங்காமல் சுவரைப் பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு, எழுந்து, தன் சின்ன மெத்தையை அவள் பக்கம் தள்ளிவிட்டார். அக்கா தலையை ஆட்டி மறுத்தாள். இருவரும் ஆளுக்கொரு மொழியில் முட்டியைத் தட்டிக்காட்டிப் பத்து நிமிடம் பேசினார்கள். முட்டிக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறார் என்றுகூடத் தெரிந்துகொண்டாள் அக்கா. எப்படி என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் அல்ஃபாமாவுக்குள் மெதுவாக ஏறினோம். கெட்டியான பாறைமேல் இருப்பதால் பூகம்பத்தில் பெரிய சேதமில்லாமல் தப்பிய பகுதி, ஆகவே சந்துகள் இன்னும் பழைய கோணலில் இருக்கின்றன. ஒரு வாசலில் மூதாட்டி ஒருத்தி ஸ்டூலில் ஜின்ஜா பாட்டில் வைத்து விற்கிறார், ஒரு யூரோ. அவர் வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கதவுகளில் சாவி வைக்கிற எண் பூட்டுப் பெட்டி தொங்குகிறது, பயணிகளுக்கு வாடகைக்கு விட்ட வீடுகள். ஏழெட்டுக் கதவுக்கு ஒன்றில்தான் துணி காய்கிறது. நாங்கள் தங்கியிருப்பதும் அப்படி ஒரு பெட்டி தொங்குகிற வீட்டில்தான். சாந்தா லூசியா மேட்டில் பழைய அரண்மனைச் சதுக்கத்தை நீல ஓடுகளில் வரைந்து சுவரில் பதித்திருக்கிறார்கள். புதன்கிழமை வழிகாட்டி காற்றில் கையால் வரைந்து காட்டிய கோபுரம் சரியாக அதே மூலையில் இருந்தது.

ராத்திரிக்குச் சோறு வேண்டும் என்று அக்கா அடம்பிடிக்க, மார்த்திம் மோனிஸ் பக்கம் வங்காளதேசத்துக்காரர் கடை. சோறு, பருப்பு, மீன் குழம்பு, ஏழு யூரோ. கேட்காமல் வைத்த வெங்காயத்துக்கும் பச்சை மிளகாய்க்கும் காசு உண்டா என்று அக்கா என்னைக் கேட்கச் சொன்னாள். கடைக்காரர் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு மிளகாய் கொண்டுவந்து வைத்தார்.

நாளைக் காலை விமானம். மழை விடுகிற மாதிரி இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் கல்லில் இறங்க முடியாது என்று டாக்சிக்குச் சொல்லியாகிவிட்டது, பன்னிரண்டு யூரோ கேட்கிறார்கள்.